சக்கரம் தரையில் இருந்ததா

என் தம்பி குனியமாட்டான். பேனா கீழே விழுந்தால்கூட யாராவது எடுத்துக் கொடுக்கும்வரை அதையே பார்த்துக்கொண்டு நிற்பான். அப்படிப்பட்டவன் காருக்கு அடியில் அளவெடுக்கப் போகிறேன் என்றபோது எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. வயிறுதான் எரிந்தது.

எங்களுடையது ஷாஃப்ட் பட்டறை. கியர் பாக்ஸிலிருந்து பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீளக் குழாய் இருக்கிறதே, அதை வெட்டி, பற்றவைத்து, அதிராமல் சுழலும்படி பாலன்ஸ் செய்து கொடுப்போம். அப்பா தொடங்கியது. அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்த நாளிலிருந்து, அதாவது இருபத்திரண்டு வருஷமாக, லேத் மெஷினில் நிற்பது நான். எந்தக் காரிலிருந்தோ கழற்றிய சீட் ஒன்றைப் பட்டறை வாசலில் கட்டைமேல் பொருத்தி, அதில் அவர் உட்கார்ந்திருப்பார். கை போனாலும் கண் போகவில்லை. குழாயைத் தூரத்திலிருந்து பார்த்தே மூன்று மில்லிமீட்டர் அதிகம் என்பார், அளந்தால் மூன்றுதான் இருக்கும். என்னை ஒரு வார்த்தை பாராட்டியதில்லை. வேலை நன்றாக வந்தால் "ம்" என்பார். கோணலாக வந்தால் தெருமுனைவரை கேட்கும்.

தம்பி கார் ஷோரூமில் விற்பனை பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு நாள் அவர்கள் கைகுலுக்கி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"பட்டறைய சின்னவன் பேருக்கு மாத்திடலாம்னு இருக்கேன்."

"அப்ப நான்?"

"நீ எங்க போகப்போற? இதே லேத்துல நிப்ப. முதலாளின்னு ஒரு ஆம்பளை இருந்தாத்தான் நாலு பேரு மதிப்பான்."

"அவனுக்கு இந்த வேலையில என்னப்பா தெரியும்?"

அப்பா நடுங்கும் கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டார்.

"சரி. அவன் காருக்கு லேசான ஷாஃப்ட் போடணும்னு நச்சரிச்சுக்கிட்டே இருக்கான்ல. அளவ அவனே எடுக்கட்டும், மாட்டறதும் அவனே மாட்டட்டும். நீ வெட்டிக் குடு, அதோட சரி. ஒழுங்கா ஓடிச்சுன்னா பட்டறை அவனுக்கு. இல்லன்னா உனக்கு."

இருபத்திரண்டு வருஷம் நின்ற காலுக்கு இதுதான் மரியாதை. சரி என்றேன்.

தம்பியின் கார் முப்பத்தைந்து வயதுக் கிழவி. இரண்டே கதவு, நீண்ட மூக்கு, ஒரு காலத்தில் நெடுஞ்சாலையில் யாரையும் முன்னே விடாத வண்டி. அதில் வந்த ஷாஃப்ட் இரும்பு. இரண்டு துண்டு, நடுவில் ஒரு பேரிங், மொத்தம் பதினோரு கிலோ. அதை எடுத்துவிட்டு ஒரே நீள அலுமினியக் குழாயைப் போட்டால் எடை பாதியாகிவிடும். மிதித்ததும் என்ஜின் சட்டென்று எழும். ஆசைப்பட்டதில் தப்பில்லை.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. அளவெடுத்தவர் ஒரு சீட்டில் அளவை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தச் சீட்டு முதலில் அப்பா கைக்குப் போய், பிறகு வெட்டுகிறவர் கைக்கு வரும். வெட்டுகிறவர் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும்: அளக்கும்போது சக்கரம் தரையில் இருந்ததா? கேட்டுவிட்டு சீட்டின் மூலையில் ஒரு டிக் போட வேண்டும். காரைத் தூக்கி வைத்தால் பின்சக்கரங்கள் அச்சோடு கீழே தொங்கிவிடும். கியர் பாக்ஸுக்கும் அச்சுக்கும் உள்ள தூரம் கூடிவிடும். அந்த அளவுக்கு வெட்டினால் ஷாஃப்ட் நீளமாகிவிடும். ஷாஃப்டின் முன்முனை கியர் பாக்ஸின் வாலுக்குள், அதாவது அதன் பின்முனைக் குழலுக்குள், போய்வந்து விளையாட ஒரு விரல் அகலம் இடம் வேண்டும். இடம் இல்லையென்றால் ஒரு நல்ல பள்ளத்தில் முனை உள்ளே போய் இடித்து, பெட்டியையே உடைத்துவிடும்.

கேட்டால் பொய் சொல்கிறவர்களும் உண்டு. "தரையிலதான் இருந்துச்சு" என்று சத்தியம் செய்வார்கள். அவர்களிடம் வாதாடமாட்டேன். அவர்கள் போனதும் காருக்கு அடியில் படுத்து நானே அளந்து, சீட்டை மறந்துவிட்டு என் அளவுக்கு வெட்டிவிடுவேன். இதை யாரிடமும் சொன்னதில்லை, அப்பாவிடமும்கூட.

தம்பி அளவெடுத்த விதத்தைப் பார்க்க வேண்டுமே. வெள்ளைச் சட்டை. கீழே படுத்தால் அழுக்காகும் என்று காரை லிஃப்டில் தலைக்குமேல் ஏற்றிவிட்டு, நின்றபடியே டேப்பை நீட்டினான். பின்சக்கரங்கள் இரண்டும் தொங்கிக்கொண்டிருந்தன. அவன் அவற்றை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. 1,476 என்று எழுதி, கையெழுத்தை மட்டும் ஆட்டோகிராஃப் மாதிரி வளைத்துப் போட்டான்.

அந்தக் காரின் அளவு எனக்கு மனப்பாடம். 1,460.

அப்பா சீட்டை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் என்னிடம் நீட்டினார். மகன் எழுதினால் தப்புகூட அழகாகத் தெரியும்போல என்று நினைத்துக்கொண்டேன். கேள்வியைக் கேட்க வாயைத் திறக்கத்தான் செய்தேன்.

"என்னக்கா அப்படிப் பாக்குற?" என்றான் தம்பி. "நம்பர் படிக்கத் தெரியும்ல? வெட்டுற வேலையை மட்டும் பாரு. நாளைக்கு எனக்குக் கீழதான் நிக்கணும், இப்பவே பழகிக்க."

வாயை மூடிக்கொண்டேன். சீட்டின் மூலையில் டிக் போட்டேன்.

1,476-க்கு வெட்டினேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், அவ்வளவு அழகான பற்றவைப்பு அதற்கு முன்னும் எனக்கு வந்ததில்லை, பின்னும் வரவில்லை. பாலன்ஸ் மெஷினில் போட்டேன். சுழல்கிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை. குற்றம் சொல்ல ஓர் இடம் இல்லாத ஷாஃப்ட். நீளம் மட்டும் பதினாறு மில்லிமீட்டர் அதிகம், அது அவன் கையெழுத்தில் இருந்தது.

கணக்கையும் போட்டு வைத்திருந்தேன். அவன் ஒருவன் மட்டும் ஓட்டினால் நாலைந்து மில்லி இடம் மிஞ்சும், தெரியாது. பின்சீட்டில் ஆள் ஏறி, வண்டியின் பின்புறம் அமுங்கி, ஒரு பள்ளமும் வந்தால் இடிக்கும். கியர் பாக்ஸில் விரிசல் விழும், எண்ணெய் ஒழுகும், நடுரோட்டில் நிற்பான், மூக்கு உடையும். அவ்வளவுதான் நான் ஆசைப்பட்டது. என்னை நியாயப்படுத்தவில்லை, கணக்கைச் சொல்கிறேன்.

ஷாஃப்டோடு ஒரு இரும்பு வளையமும் கொடுத்தேன். காரின் அடியில் ஷாஃப்டைச் சுற்றி அதை மாட்ட வேண்டும். என்றைக்காவது முன்முனை கழன்றால் ஷாஃப்ட் கீழே விழாமலும் மேலே அடிக்காமலும் அதுதான் பிடித்துக்கொள்ளும்.

மாட்டி முடித்து அவன் மட்டும் ஒரு சுற்றுப் போய் வந்தான். முகமெல்லாம் பல்.

"சும்மா பறக்குதுப்பா! கால வச்சதும் எகிறுது!"

அப்பா "ம்" என்றார். எனக்கு இருபத்திரண்டு வருஷத்தில் சொட்டுச் சொட்டாகக் கிடைத்த "ம்", அவனுக்கு முதல் நாளே கிடைத்துவிட்டது.

புது முதலாளியைப் பார்க்க அவனுடைய மாமனாரும் மாமியாரும் வந்திருந்தார்கள். இருவரும் நல்ல வாட்டசாட்டம். அந்தச் சின்னப் பின்சீட்டில் அவர்களைத் திணிப்பதற்குள் தம்பிக்கு வியர்த்துவிட்டது. காரின் பின்புறம் அமுங்கியது. எவ்வளவு அமுங்கியது என்று என் கண் தானாக அளந்தது.

"அப்பா, முன்னாடி ஏறுங்க. பாலம் வரைக்கும் போய்ட்டு வந்துடலாம்."

அப்பா எழுந்தார். அவர் ஏறுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பத்து வருஷமாக யார் ஓட்டினாலும் ஏறாத மனுஷன். கதவைச் சாத்துவதற்கு முன் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஏதோ கேட்பது மாதிரி இருந்தது. நான் கையை அழுக்குத் துணியில் துடைத்துக்கொண்டே, "போய்ட்டு வாங்க" என்றேன்.

கார் தெருமுனை திரும்பியது. துணியை மேஜைமேல் போடப் போனேன். அங்கே, ஸ்பேனர்களுக்குப் பக்கத்தில், வளையம் இருந்தது. மாட்டவேயில்லை. எடையைக் குறைக்கத்தானே இவ்வளவும், இந்த இரும்பை வேறு ஏன் சுமக்க வேண்டும் என்று அவன் நினைத்திருப்பான்.

போனைக் கையில் எடுத்தேன். ஒரு வார்த்தை போதும். "நிறுத்து" என்றால் நிறுத்தியிருப்பான். கூடவே அப்பா ஏன் என்று கேட்பார், நான் தெரிந்தே வெட்டியதைச் சொல்ல வேண்டியிருக்கும், பட்டறை அவனுக்குப் போய்விடும். பாலம் வரைக்கும்தானே, மெதுவாகத்தானே போவான், இடித்தால் விரிசல்தானே. போனை வளையத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு லேத்தைத் துடைக்க ஆரம்பித்தேன்.

மெதுவாகப் போகவில்லை. மாமனாருக்கு வேகம் காட்டியிருக்கிறான். பாலத்துக்குமுன் இருந்த பள்ளத்தில் ஷாஃப்டின் முனை உள்ளே இடித்து, கியர் பாக்ஸின் வால் பிளந்து, முன்முனை வெளியே வந்துவிட்டது. பிடித்துக்கொள்ள வளையம் இல்லை. சுழன்றுகொண்டிருந்த அலுமினியக் குழாய் இரண்டு முன்சீட்டுக்கும் நடுவே தகரத்தைக் கிழித்துக்கொண்டு ஏறி, அப்பாவின் உள்பக்கக் காலில் அடித்தது. பின்சீட்டுக்காரர்களுக்குச் சிராய்ப்புகூட இல்லை. தம்பியின் சட்டையில் அப்பாவின் ரத்தம். அப்பாவுக்குப் பாதத்தில் பாதி போயிற்று.

ஆஸ்பத்திரியில் தம்பி சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதான். "என் அளவுதான்கா தப்பு. வண்டி தொங்கிட்டு இருந்துச்சு, எனக்குத் தோணவேயில்ல. பட்டறையும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்." அவன் முதுகைத் தடவிக் கொடுத்தேன். அந்தக் கை கொஞ்சமும் நடுங்கவில்லை, அதை நினைத்தால்தான் இப்போது எனக்கே பயமாக இருக்கிறது.

மூன்றாம் நாள் அப்பா அவனை வெளியே போகச் சொன்னார். நான் கட்டில் அருகே நின்றேன்.

"ஆயிரத்து நானூத்து எழுபத்தாறு" என்றார். "சீட்டப் பாத்ததுமே தெரியும், தொங்கல்ல எடுத்த அளவுன்னு."

"தெரிஞ்சும் ஏன்ப்பா சொல்லல?"

"அவன் எழுதினதுல என்ன இருக்கு? இத்தனை வருஷமா எத்தனை பேரு தப்பா எழுதிக் குடுத்தான். எல்லாரும் போனப்புறம் நீ அடியில படுத்து அளப்ப. நான் வாசல்ல உக்காந்து பாத்துக்கிட்டுதான இருந்தேன்."

"அப்பா..."

"பட்டறைய உனக்கே எழுதிடலாம்னு அந்தச் சீட்ட உன் கையில குடுக்கறப்பவே முடிவு பண்ணிட்டேன். அவன் தப்ப நீ சரி பண்ணிருவ, அதுக்கப்புறம் நாலு பேரு முன்னாடி சொல்லலாம்னு இருந்தேன்." மூச்சு வாங்கியது. "யாரு ஓட்டுனாலும் ஏறமாட்டேன்ல? அன்னைக்கு ஏறினேன். வெட்டினது நீன்னுதான்டி ஏறினேன்."

அவர் திட்டவில்லை. தெருமுனைவரை கேட்கும்படி ஒரு தடவை திட்டியிருந்தால் காலைப் பிடித்து அழுதிருப்பேன். பிடிக்கப் பாதிதான் இருந்தது.

சொன்ன சொல் தவறாமல் பட்டறையை என் பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். பலகையில் இப்போது என் பேர். தம்பி டயர் கடையில் குனிந்து நட்டு முடுக்கிக்கொண்டிருக்கிறான். நடந்ததை அப்பா அவனிடம் சொல்லவில்லை, அக்காவைத் தெய்வமாக நினைத்துக்கொண்டிருக்கிறான்.

அப்பா தினமும் காலையில் ஊன்றுகோலோடு வந்து அதே கார் சீட்டில் உட்காருகிறார். அளவுச் சீட்டு வந்ததும் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டுகிறார். நான் வாடிக்கையாளரிடம் சத்தமாகக் கேட்கிறேன், சக்கரம் தரையில் இருந்ததா என்று. டிக் போடுகிறேன். காருக்கு அடியில் படுத்து நானே ஒருமுறை அளந்துவிட்டும் வருகிறேன்.

நான் லேத்தருகே போனதும் ஊன்றுகோல் தரையில் தட்டும் சத்தம் கேட்கும். அப்பா காரைப் பிடித்துக்கொண்டு, பாதிப் பாதத்தை இழுத்துக்கொண்டு, மெதுவாகக் கீழே உட்கார்ந்து, மல்லாந்து படுத்து, அடியில் நகர்வார். நடுங்கும் கையால் டேப்பைப் பிடித்து மறுபடி அளப்பார். வாடிக்கையாளர்கள் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்ப்பார்கள்.

அவர் அளந்து முடித்து "ம்" சொல்லும்வரை நான் வெட்டுவதில்லை.