இருவாச்சி குடிபுகுந்த காலை

பலகைக் குடிலுக்குள் இருந்தவர்கள்: அக்கா, அவள் கணவர், வனக்காவலர், அப்புறம் நான். இரவு ஷிப்டை விட்டுவிட்டதால் என்னை எந்தக் கிழமையும் கூப்பிடலாம். எதிரே, அந்தப் பழங்காட்டிலேயே பருத்த மரம். அதன் பொந்து வாயில் ஒரு பெண் இருவாச்சிப் பறவை.

“ஒரு வாரமா எட்டிப் பாத்துட்டு எட்டிப் பாத்துட்டுப் போகுது,” என்றார் காவலர், தணிந்த குரலில். “உள்ள போச்சுன்னா வாசலை மண்ணும் எச்சமும் வச்சு அடைச்சுக்கும். குஞ்சு வளர்ற வரைக்கும் வெளிய வராது. அடைக்கிறதுக்குள்ள சத்தம் கேட்டு மிரண்டா, இந்த வருஷம் கூடே கிடையாது.”

அக்கா மாமாவை முறைத்தாள். போன வருஷம் இதே இடத்தில் மாமா தும்மினார். தகர ஷெட் சரிந்து விழுந்தது போலச் சத்தம். பறவை பறந்தது. வீடு வரும்வரை அக்கா வாயைத் திறக்கவில்லை. திறந்த பிறகு, திறக்காததே தேவலை என்றிருந்தது.

“இந்தத் தடவையும் தும்முனீங்க...”

“மாத்திரை போட்டிருக்கேன்மா.”

காட்டில் பூ உதிரும் பருவம். மாத்திரையை அது மதிக்கவில்லை. மாமாவின் மூக்கு சிவந்தது. அக்கா அதை இரண்டு விரலால் அழுத்திப் பிடித்தாள்.

“மூச்சு விடணும்டி.”

“வாயால விடுங்க. எந்நேரமும் தொறந்துதானே கெடக்கு.”

ஆண் பறவை பழத்தோடு வந்து கிளையில் இறங்கியது. பெண் தலையைப் பொந்துக்குள் விட்டது, வெளியே எடுத்தது, மறுபடி விட்டது. வாடகை வீடு பார்க்க வந்தவள் குழாயைத் திருகிப் பார்ப்பது போல.

மாமா என் தோளைச் சுரண்டினார். “மாப்ளே, தாங்காது. என்னை எங்கயாவது போட்டு மூடு.”

காவலர் சத்தமில்லாமல் ஒரு சாவியை நீட்டிப் பின்பக்கம் கை காட்டினார். கல் சுவர் வைத்த கருவி அறை. இருவரும் குனிந்தபடி ஓடினோம்.

“கதவைச் சாத்திட்டு உள்ளயே இருங்க மாமா.”

“சாத்துனா பத்தாது, பூட்டு. எனக்கும் பாக்கணும்னு ஆசைதான்டா. பூட்டலைன்னா ஓடி வந்துருவேன்.”

மண்வெட்டிகளுக்கு நடுவே போய் நின்றுகொண்டார். நான் மரத்தைத் திரும்பிப் பார்த்தேன். பறவை உடம்பை நெளித்து நுழைந்துகொண்டிருந்தது. வால் மட்டும் வெளியே. பிறகு அதுவும் இல்லை.

“உள்ள போயிருச்சு மாமா. இனி வாசலை அடைக்கணும்.”

“உங்கக்கா பாத்தாளா?”

“குடிலை விட்டு அவ எங்க நகர்ந்தா? பாத்திருப்பா.”

சிரிக்கப் போனவரின் முகம் பாதியில் தும்மலுக்குக் கோணிக்கொண்டது. நான் கதவை இழுத்துச் சாத்திப் பூட்டினேன்.