சித்தப்பா கீழே வைத்த கோப்பை

“திரும்பிடலாம் சித்தப்பா. எல்லாரையும் இப்பவே திருப்புங்க.”

வழிகாட்டி வீட்டுப் பெண்ணின் வாயில் வரவே கூடாத பேச்சு அது. கிளம்பும்போதே கலஃப் சித்தப்பா ஷம்மாவிடம் கறாராகச் சொல்லியிருந்தார்: “திரும்புறதா வேணாமான்னு நான்தான் சொல்லுவேன். விருந்தாளிங்க முன்னால நீ வாயத் தொறந்தா என் பொழப்புல மண்ணு.”

விருந்தாளிகள் அவள் வகுப்புத் தோழிகள். தலைநகர் அம்மானிலிருந்து வந்தவர்கள். “எங்க சித்தப்பா இருக்காரு, கண்ண மூடிக்கிட்டு வாங்க” என்று அழைத்து வந்தவளே அவள்தான். ஆடு மேய்த்துத் திரியும் அவள் பெதூயின் குலத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் வேறு. பெருமை பீற்றாமல் இருக்க முடியுமா?

பள்ளத்தாக்கில் கணுக்காலை நனைத்து ஓடிய தெளிந்த தண்ணீர் தேநீர் நிறமாகியிருந்தது. அதில் ஆட்டுப் புழுக்கைகள் மிதந்து வந்தன. இரு பாறைச் சுவர்களுக்கு நடுவே தெரிந்த வானமோ பளிச்சென்ற நீலம். ஆனால் மேலே மேய்ச்சல் சரிவுகளில் மழை கொட்டாமல் புழுக்கை இவ்வளவு கீழே வராது.

“புழுக்கையப் பாத்து பயந்த மொத பெதூயின் பொண்ணு நீதாண்டி,” என்று தோழிகளில் ஒருத்தியான லமீஸ் சிரித்தாள். “படிச்சதும் ஆடு மறந்துபோச்சா?”

சித்தப்பா தண்ணீரைப் பார்த்தார். “இன்னும் ஒரு வளைவுதான். அருவி வந்துரும். நடங்க.”

லாரியிலிருந்து கல் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம். அப்புறம் வளைவில் அருவி வரவில்லை. வேரோடு மரங்களைத் தூக்கிக்கொண்டு சேறு வந்தது. சித்தப்பா ஒவ்வொருத்தியாகப் பாறை விளிம்பில் ஏற்றினார். ஷம்மா ஏறிக்கொண்டே பின்னால் கை நீட்டி லமீஸைப் பிடித்தாள். பிடித்தது தோள்பையின் வார். அந்தப் பை மட்டும்தான் அவள் கையில் மிஞ்சியது.

மாலையில் சாக்கடல் சாலையோரம் லமீஸின் உடல் கிடைத்தது. மீட்புப்படை அதிகாரி கேட்டார்: “மழைன்னு காலையிலயே பள்ளத்தாக்கு வாசலப் பூட்டிட்டோமே. நீங்க எப்படி உள்ள போனீங்க?”

ஷம்மா சித்தப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். வாசல் வழியாகவே அவர்கள் போகவில்லை. ‘குறுக்கு வழி’ என்று ஆட்டுத் தடத்தில் இறக்கினாரே!

“வாக்குமூலம் வேணும். பொறுமையா வாம்மா,” என்று சொல்லி, அவளை வீட்டில் விட்டுவிட்டு அதிகாரி வெளியே காத்திருந்தார்.

வீட்டில் அப்பா காப்பி ஊற்றினார். சித்தப்பா கோப்பையை வாங்கி, வாயில் வைக்காமல், தரையில் வைத்தார். அப்பாவுக்கு முன்னால் அல்ல. ஷம்மாவுக்கு முன்னால். அவர்கள் வழக்கப்படி, கேட்டதைத் தருகிறோம் என்று வாக்கு வரும்வரை அவர் குடிக்கமாட்டார். அப்படி வைத்த காப்பியை ஆறவிட்ட வீடு என்று அந்த வட்டாரத்தில் ஒன்றுகூடக் கிடையாது.

“அந்தப் பொண்ணு பேச்சக் கேக்காம தனியா ஓடிட்டான்னு சொல்லு. அது போதும். எனக்குப் புள்ளகுட்டி இருக்கு.”

“என் பின்னாடிதான வந்தா!”

“செத்தவளுக்கு இனிமே என்ன ஆகப்போகுது?”

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். சின்ன வயதில் அவளைத் தோளில் தூக்கித் திரிந்த மனுஷன்தானா இது?

“வாசல் பூட்டினது உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும். இந்தப் பக்கம் சொட்டு மழை இல்லையேன்னு...”

“நான் காட்டின புழுக்கை?”

“அதையும் பாத்தேன்.” அவர் கோப்பையைப் பார்த்தே பேசினார். “அந்த ஆட்டுத் தடத்துல எறங்கலாம், இவளுகளால ஏற முடியாது. திரும்பினா வாசல் வழியாத்தான் வரணும், அங்க காவல்காரன் நிப்பான். சாயங்காலம் அவன் போனதும் வெளிய வரலாம்னு இருந்தேன்.”

‘இன்னும் ஒரு வளைவு’ என்று நடத்தியது அருவி காட்ட அல்ல. காவல்காரன் போகும்வரை பொழுதைக் கழிக்க.

“‘குடிங்க, ஆகட்டும்’னு சொல்லும்மா,” அப்பா கெஞ்சினார். “ஒரே வார்த்தை. வீட்டு மானம்.”

“மானமா? லமீஸோட அப்பா வெளிய நிக்கிறாருப்பா.”

லமீஸின் பை இன்னும் அவள் மடியில்தான் இருந்தது. எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். கோப்பை தட்டாமல் சுற்றி நடந்து, வாசலில் கிடந்த ஈரச் செருப்பில் காலை நுழைத்துக்கொண்டு வெளியே அதிகாரியிடம் போனாள்.