தட்டுகிற கை

வேலை கேட்டுப் போன இடத்தில், கண்ணாடி அறையில் என்னை உட்காரவைத்து, ஒரு கணினியையும் ஒரு கேள்வித்தாளையும் கொடுத்தார் மேலாளர் அம்மா. "தனியா செய்யுங்க. அவசரமில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். தனியாக எதையும் செய்து எனக்குப் பழக்கமில்லை.

நானும் மாப்பிள்ளையும் சேர்ந்து ஒரு கம்பெனி நடத்தினோம். கல்லூரியில் ஒரே பெஞ்சுக்காரன், பிறகு என் தங்கையைக் கட்டியவன். சரக்கை இறக்கிவிட்டு வெறுமனே திரும்பும் லாரிகளுக்கு வழியிலேயே சரக்கு பிடித்துத் தரும் செயலி எங்களுடையது. ஆரம்பத்தில் இருந்தது ஒரே கணினி. அவன் நாற்காலியில் சாய்ந்து, காலை இன்னொரு நாற்காலியில் போட்டுக்கொண்டு யோசித்துச் சொல்வான். நான் தட்டுவேன். பிறகு ஆளுக்கொன்று வாங்கியும் அவனுடையது தூசி படிந்துதான் கிடந்தது. அவன் தட்டினால் கோழி கொத்துவது போலிருக்கும். பார்க்கப் பொறுக்காமல் நானே பிடுங்கிக்கொள்வேன். இப்படியே பழகி, இரண்டு பேரும் சேர்ந்தால்தான் ஒரு ஆள் என்று ஆகிவிட்டது. கம்பெனி ஓடிய வரைக்கும் இது எங்கள் மண்டைக்கு உறைக்கவில்லை.

கம்பெனி படுத்தது. "மூடிடலாம் மாப்ள" என்று முதலில் வாயைத் திறந்தவன் நான். அவன் காபிக் கோப்பையை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினான். அதோடு பேச்சு நின்றது. தங்கைதான் நடுவில் கிடந்து முழித்தாள்.

கேள்வித்தாளில் இருந்தது எனக்குப் பழகிய கேள்விதான். பல இடங்களில் சரக்கு இறக்க வேண்டிய வண்டி பாதி வழியில் பழுதாகி நிற்கிறது. மிச்சத்துக்கு என்ன வழி? அதற்கு நிரல் எழுத வேண்டும். முதல் பாதியை மளமளவென்று எழுதிவிட்டேன். அப்புறம் கை நின்றது. அந்த இடத்தில் "இரு மச்சான்" என்று பக்கத்திலிருந்து ஒரு குரல் வரவேண்டும். "ம், அப்புறம்?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. பொசுக்கென்று கண்ணில் நீர் வந்துவிட்டது. எனக்கே வெட்கமாகப் போனது.

மேலாளர் அம்மா வந்து படித்தார்.

"பாதி ரொம்ப நல்லா இருக்கு" என்றார். "காலைல ஒருத்தர் வந்தாரு. அவரும் லாரி கம்பெனிதான் நடத்தினாராம். வாயாலயே எல்லாம் சொல்லிட்டாரு, அத்தனையும் சரி. ஆனா ஒரு வரி தட்டல. பக்கத்து நாற்காலியவே பாத்துக்கிட்டு இருந்தாரு. உங்களுக்குத் தெரிஞ்சவரா?"

"என் தங்கச்சி வீட்டுக்காரர்."

அவர் மறுபடி என் திரையைப் பார்த்தார்.

"ரெண்டு பேரையும் எடுத்துக்குங்க மேடம். ஒரு கம்ப்யூட்டர் போதும் எங்களுக்கு."

"இருக்கறது ஒரு இடம்தாங்க. யோசிக்க மேல ஆள் இருக்காங்க. எங்களுக்குத் தட்டற ஆள்தான் வேணும்."

மாதக்கணக்கில் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் மனைவி நினைவுக்கு வந்தாள். சரி என்றேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்ன கொஞ்ச நேரத்தில் தங்கை போன் செய்தாள்.

"வேலை கெடச்சிருச்சாமே அண்ணா? அண்ணி சொன்னாங்க. ரொம்ப சந்தோஷம்." குரல் கம்மியிருந்தது. "அவரும் அங்கதான் போயிருந்தாரு. இன்னும் பதில் வரல."

அந்தப் பதில் என்னவென்று எனக்குத் தெரியும். "போன அவன்கிட்ட குடு" என்றேன்.

வாங்கமாட்டான் என்றுதான் நினைத்தேன். மூச்சுச் சத்தம் கேட்டது.

"மாப்ள, அந்த இடத்த எனக்குக் குடுத்துட்டாங்கடா."

"தெரியும். தட்டலைன்னா எவன் குடுப்பான்? மிச்சத்துக்கு என்ன எழுதின மச்சான்?" என்றான்.

"ஒண்ணும் எழுதல. அங்கயே நின்னுட்டேன்."

"எல்லாத்தையும் மொதல்லேர்ந்து போடக்கூடாதுடா. எறக்கினது எறக்கினதுதான். எறக்காதத மட்டும் அடுத்த வண்டிக்கு மாத்தணும். நாளைக்கு எவனாவது கேட்டா முழிக்காத."

"இன்னொரு தடவ சொல்லு."

அவன் நிறுத்தி நிறுத்திச் சொன்னான். ஒவ்வொரு வரிக்கும் பிறகு, நான் தட்டி முடிக்கட்டும் என்று எப்போதும் போலக் காத்திருந்தான். என் எதிரே கணினி இல்லை. சாப்பாட்டு மேசையில் விரல்கள் தட்டிக்கொண்டிருந்தன.