தகப்பன் வந்த நாள்

“இன்னும் ரெண்டு முழம் போதும். சீக்கிரம் வெட்டுங்கப்பா, மழ வந்துரும்” என்று வீட்டை ஒட்டிய குழிமேட்டில் நின்று வேடியப்பன் அவசரப்படுத்தினான்.

பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன் இப்படிப் பறப்பதை அந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை. வானத்தில் மழைக்கான அறிகுறியும் இல்லை. ஒரு வாரம் கொட்டித் தீர்த்த புரட்டாசி மழை ஓய்ந்து, இன்றைக்குத்தான் வெயில் முகம் காட்டியிருந்தது. குழிக்குள் நின்ற வடிவேலு நிமிர்ந்து வானத்தைப் பார்த்தான், வேடியப்பனைப் பார்த்தான், மண்ணை அள்ளி மேலே போட்டான்.

மாதம்மாள் விடியற்காலையில் செத்துப்போனாள். பக்கத்து ஊரிலிருந்து அவள் தம்பி சின்னதம்பி பிறந்த வீட்டுக் கோடிப் புடவையோடு வந்து சேர்ந்தான். அக்காவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுது முடித்து, துண்டால் முகத்தைத் துடைத்தவன், “வரும்போதே வாணியம்பாடிக்கு ஆள் அனுப்பிட்டேன் மாமா. தசரதனைக் கையோட கூட்டியாரச் சொல்லியிருக்கேன். நீங்க கவலப்படாதீங்க” என்றான்.

அப்போது பிடித்ததுதான் வேடியப்பனுக்கு இந்த அவசரம். வாணியம்பாடியில் அவன் மகன் தசரதன் இல்லை.

பையனுக்கு அங்கே தோல் பதனிடும் ஷாப்பில் வேலை கிடைத்திருக்கிறது என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தான். யோசித்துச் சொன்ன பொய்தான். தோல் நாற்றத்துக்குப் பயந்து மலையிலிருந்து ஒருவரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கமாட்டார்கள். வீட்டில் சாவு விழும், ஆள் தேடிக்கொண்டு போவான் என்பதை மட்டும் யோசிக்கவில்லை. தசரதன் புளி மூட்டைக்குள் சந்தனக்கட்டையை ஒளித்துக் கீழே கொண்டுபோகும்போது செக்போஸ்ட்டில் மாட்டியவன். கீழ்நாட்டு ஆள் எவனோ ஆசை காட்டியிருந்தான். பதினாலு வயசுப் பையன் என்பதால் வேலூரில் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பினார்கள்.

அதை ஊரில் சொல்ல வேடியப்பனுக்கு வாய் வரவில்லை. வராமல் போனதற்குக் காரணம் இருந்தது. எமர்ஜென்சி சமயத்தில் இதே வடிவேலுவின் தம்பி இதேபோல் மாட்டிக்கொண்டான். “ஜெயில் சோறு தின்னவன் வூட்ல நாம எப்படிக் கை நனைக்கிறது?” என்று ஊர் கூடிய இடத்தில் முதலில் கேட்ட வாய் வேடியப்பனுடையது. வடிவேலுவின் தங்கை கல்யாணத்தில் பாதிப் பந்தி காலியாகக் கிடந்தது.

மாதம்மாள் மட்டும் மாதாமாதம் வேலூர் போய்வந்தாள். மலைக்கு அப்போது பஸ் கிடையாது. ஒடுகத்தூர் வரைக்கும் நடை, அப்புறம்தான் பஸ். திரும்பி வந்து சாமை குத்திக்கொண்டே பேசுவாள். “ஒசரமாய்ட்டான். மீச மொளைக்குது. தச்சு வேல கத்துக் குடுக்கறாங்களாம்.” வேடியப்பன் காதில் விழாதவன்போல் கயிறு திரித்துக்கொண்டிருப்பான்.

“அங்க இருக்கற அய்யா சொல்றாரு, தகப்பன் வந்து பேசட்டும், பையனுக்கு நான் பொறுப்புன்னு கைநாட்டு வெக்கட்டும், முன்னாடியே அனுப்பிடலாம்னு. ஒரே ஒரு தடவ வாய்யா.”

“கைநாட்டு வெச்சா நெலத்தப் புடுங்கிப்பாங்கடி. எங்கப்பன் எவனோ நீட்டுன காயிதத்துல வெச்சுத்தான மேக்கொல்ல போச்சு. மறந்துட்டியா?”

அவள் அதை நம்பினாள். நிலத்துக்குப் பயந்து அவன் நிற்கவில்லை என்பது அவனுக்கே தெரியும். உத்தியோகக்காரர்கள் முன்னால் போய் நின்று, திருடிப் பிடிபட்டவனுக்கு நான்தான் அப்பன் என்று சொல்ல வெட்கம். அவ்வளவுதான் விஷயம்.

போன தடவை கொட்டுகிற மழையில் போய், நனைந்த புடவையோடு திரும்பினாள். அன்றைக்கு வந்த காய்ச்சல் விடவேயில்லை. “இந்தத் தடவ நீ போய்ட்டு வா. புள்ள எதிர்பார்த்துக் கெடக்கும்” என்றாள். “சாமை அறுத்துட்டு போறேன்” என்றான். சாமை இன்னும் கொல்லையில்தான் நிற்கிறது.

“பையன் வர நேரமாவும் போல. எடுத்துடலாம். எங்கண்ணன் மவன் மண்ணு தள்ளட்டும்” என்று வேடியப்பன் மறுபடி ஆரம்பித்தான்.

“பெத்த புள்ள இருக்கும்போது அண்ணன் மவன் எதுக்கு மாமா?” என்றான் சின்னதம்பி. ஆனாலும் மாமன் முகத்தைப் பார்த்து, துக்கத்தில் பேசுகிறார் என்று விட்டுவிட்டான். அப்படி நினைத்துக்கொள்ளட்டும் என்று வேடியப்பனும் விட்டுவிட்டான்.

வீட்டுக்குள்ளிருந்து அவன் அண்ணி பெரியம்மாள் ஒரு துணி மூட்டையோடு குழிமேட்டுக்கு வந்தாள்.

“உறியில தொங்குச்சு வேடியப்பா. தினை மாவு உருண்ட. காச்சலோட உக்காந்து இடிச்சிருக்கா பாவி. பாதி இடிச்சிட்டு படுத்துக்கும், மறுபடி எழுந்து இடிக்கும். யாருக்குடீன்னு கேட்டா வாயத் தொறக்கல. யாருக்கு இது?”

மூட்டையை அவன் கையில் வைத்தாள். துவைத்து வெளுத்த துணியில் மூன்று முடிச்சு. பஸ்ஸில் அவிழ்ந்துவிடக் கூடாதென்று மாதம்மாள் எப்போதும் போடுகிற முடிச்சு.

“அவன் வாணியம்பாடில இல்ல” என்றான் வேடியப்பன்.

குழிக்குள் கடப்பாரை நின்றது.

“இன்னா சொல்றீங்க மாமா?”

“வேலூர்ல இருக்கான். பசங்க ஜெயில்ல. சந்தனக்கட்ட கேசு.”

வாசலில் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள்.

“அப்ப எங்கக்கா மாசாமாசம் போனது?”

“அங்கதான்.”

“நீ?” என்று கேட்டான் சின்னதம்பி.

அதுவரை நீங்க என்று பேசியவன். ஜெயில் என்று ஊர் முன்னால் சொன்னதுகூட வேடியப்பனுக்கு இவ்வளவு கூசவில்லை. அவன் மூட்டையின் முடிச்சையே பார்த்துக்கொண்டு நின்றான்.

வடிவேலு குழியிலிருந்து ஏறி வந்து கை மண்ணைத் தட்டினான். “சட்டையப் போடு மாமா. நானும் வர்றேன். எங்க எறங்கணும், யாரப் பாக்கணும், எல்லாம் எனக்குத் தெரியும்.”

“போய்ட்டு வாங்க. எங்கக்கா இன்னிக்குப் போவாது” என்றான் சின்னதம்பி. “பையன் வந்துதான் எடுக்கணும். பொறந்த வூட்டுக்காரன் சொல்றேன்.” மாமனை அவன் பார்க்கவில்லை. வடிவேலுவிடம்தான் சொன்னான்.

இறக்கத்தில் வடிவேலு முன்னால் நடந்தான். ஒடுகத்தூரில் பஸ் ஏறுமுன் வடிவேலு, “அங்க போய் ஜெயில்னு சொல்லாத மாமா. பள்ளிக்கூடம்னு சொல்லு. பையன் காதுல வுழும்” என்றான்.

“வடிவேலு, ஒந்தங்கச்சி கல்யாணத்துல...”

“இப்ப எதுக்கு அது?” என்று அவன் படியில் ஏறிவிட்டான்.

பஸ்ஸில் வேடியப்பன் வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டே வந்தான். அம்மாவுக்கு ஒடம்பு சரியில்ல, வா, பார்த்துட்டு வரலாம். முதலில் இதைச் சொல்ல வேண்டும். மலை ஏறும்போது மீதியைச் சொல்லிக்கொள்ளலாம். இதுவும் ஒரு பொய்தான் என்று தெரிந்தது. வேறெதுவும் வாயில் வரவில்லை.

பள்ளியில் மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி எழுந்தே நின்றுவிட்டார். “நீங்கதான் தசரதனோட தகப்பனாரா?”

“ஆமாங்க. நான்தான் அவன் அப்பன்.”

இத்தனை நாள் வராத வார்த்தை சுலபமாக வந்துவிட்டது. வடிவேலு விஷயத்தைச் சொன்னான். அதிகாரி ஒரு நாற்காலியை வேடியப்பன் பக்கம் நகர்த்தினார்.

“அந்தம்மா உங்களப் பத்தி நெறைய சொல்வாங்க. ஒத்த ஆளா மலையில கஷ்டப்படறாரு, நெலத்த வுட்டு வரமுடியல, புள்ளய நெனச்சு தூங்கறதே இல்லன்னு.”

வேடியப்பன் தலையைக் குனிந்துகொண்டான். தரை பிளந்து வாங்கிக்கொண்டால் தேவலை என்று இருந்தது. மைப்பெட்டியை நகர்த்தி வைத்தார்கள். காட்டின இடத்தில் இடது கட்டைவிரலை அழுத்தினான். அவ்வளவுதான் வேலை. மூட்டையை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தான். பையனிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அதை நீங்களே சொல்லுங்கள் என்று அதிகாரி விட்டுவிட்டார்.

தசரதன் தச்சுக் கொட்டகையிலிருந்து வந்தான். தலைமுடியில் மரத்தூள். மாதம்மாள் சொன்னது சரி, உயரமாகத்தான் ஆகியிருந்தான். அப்பாவைப் பார்த்ததும் நின்றான். பிறகு அவரைத் தாண்டி, வேப்பமரத்தடியில் அம்மா வந்தால் உட்காரும் பெஞ்சைப் பார்த்தான். அங்கே வடிவேலு மட்டும் உட்கார்ந்திருந்தான். பையன் மறுபடி அப்பாவைப் பார்த்தான், கையில் இருந்த மூட்டையைப் பார்த்தான்.

வேடியப்பன் பஸ்ஸில் சேர்த்துவைத்ததைச் சொல்ல வாயெடுத்தான்.

“எப்ப?” என்று தசரதன் கேட்டான்.

வேடியப்பன் மூட்டையை நீட்டினான். வெளுத்த துணியில், முடிச்சுக்குப் பக்கத்தில், அவனுடைய கட்டைவிரல் மை ஒட்டியிருந்தது.