ஊசிக்குப் பயந்த தையல்காரர்

நாள் முழுக்க ஊசியோடு குடித்தனம் நடத்துகிறவர் அவர். கண்ணை மூடிக்கொண்டே நூல் கோத்துவிடுவார் என்று கடைத்தெருவில் பேர். அப்பேர்ப்பட்ட தையல்காரர், ஒன்பது வயது மகளின் வயிற்றில் சின்ன ஊசி ஒன்றைக் குத்த முடியாமல் வியர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தார்.

வீட்டில் வாண்டு என்று கூப்பிடும் அந்த மகளுக்குத் தலசீமியா. உடம்பில் ரத்தம் சரியாக ஊறாது. அடிக்கடி ஏற்ற வேண்டும். ஏற்றும் ரத்தத்தோடு இரும்பும் வந்து சேரும். விட்டுவைத்தால் இதயத்திலும் ஈரலிலும் போய்ச் சட்டமாக உட்கார்ந்துகொள்ளும். அதை வெளியேற்றத்தான் இந்த ஊசி. சாயங்காலம் குத்தி, கையடக்கமான பம்பில் மாட்டிவிட்டால், விடிய விடிய மருந்து மெல்ல இறங்கும். இதுவரை குத்திவந்தவள் அம்மா. சலவைக்கூடத்தில் அவளுக்கு மாலை ஷிப்ட் மாறியதும் பொறுப்பு இவர் தலையில் விழுந்தது.

முதல் நாள் தலைவலி என்றார். மறுநாள் கரண்ட் இல்லை என்றார். பம்ப் பேட்டரியில்தானே ஓடுகிறது என்று வாண்டு கேட்டதும் கடையில் அவசர வேலை என்று நழுவிவிட்டார். விஷயம் தெரிந்த அம்மா இருவரையும் நேரே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள்.

நர்சம்மாவிடம் உள்ளதைச் சொன்னார்: துணி கத்தாது, பிள்ளை கத்துமே. நர்சம்மா சிரிக்கவில்லை. இந்த வயதில் சில பிள்ளைகள் தாங்களே குத்திக்கொள்வதுண்டு, பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும் என்று சொல்லி, வாண்டுவின் கையில் ஸ்பாஞ்சு ஒன்றைக் கொடுத்து அதில் ஊசி குத்தப் பழக்கினார். தன் முன்னாலேயே ஒரு தடவை அவளைக் குத்திக்கொள்ளவும் வைத்துவிட்டுத்தான் அனுப்பினார்.

அடுத்த சாயங்காலம் அப்பா மருந்தைக் கலந்து கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். வாண்டு கை கழுவி, வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பிடித்தாள்.

"முடிஞ்சுதுப்பா. திரும்பலாம்."

காலையில் பாத்ரூமிலிருந்து பெரிய அறிவிப்பு வந்தது. சிறுநீர் செக்கச்செவேலென்று இருக்கிறதாம், இரும்பு மூட்டை முடிச்சோடு கிளம்பிவிட்டதாம். பக்கத்து வீட்டுக்காரர் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார். மருந்து வேலை செய்தால் அப்படித்தான் போகும் என்று அவரை அனுப்பிவைப்பதற்குள் அப்பாவுக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது.

அன்றே கடையில் மிஞ்சிய வெல்வெட்டில் பம்புக்கு இடுப்புப்பை தைத்தார். அதைப் பார்த்த அத்தை மகள், வியாதியே இல்லாமல் தனக்கும் ஒன்று கேட்டு அடம்பிடித்தாள்.

சில மாதம் கழித்து வந்த ரிப்போர்ட்டில் இரும்பு நன்றாகவே இறங்கியிருந்தது. வீட்டில் யார் ஊசி போடுவது என்று டாக்டர் கேட்டார்.

"நான்தான். அப்பா பக்கத்துல உக்காந்து பயப்படுவாரு."

தையல்காரர் தலையைக் குனிந்து வாய்விட்டுச் சிரித்தார். இப்போது சுவரைப் பார்ப்பதில்லை என்பதை மட்டும் டாக்டரிடம் சொல்லிவைத்தார்.