ஒரு தட்டு என்றால் ஆமாம்

1

இந்தக் கதை எனக்குப் பேருந்தில் கிடைத்தது. பக்கத்து இருக்கைப் பெரியவர் கைபேசியைக் காதில் வைத்தபடி நகத்தால் அதைத் தட்டிக்கொண்டே வந்தார். பாவம், போன் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். கழுத்துத் துணி விலகியபோதுதான் தொண்டையில் இருந்த துளை தெரிந்தது. புற்றுநோய்க்குக் குரலைக் கொடுத்துவிட்டு உயிரை மீட்டவர். ஒரு தட்டு என்றால் ஆமாம், இரண்டு என்றால் இல்லை. மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: ‘விதி அவரை வஞ்சித்த அந்த மாலையில்...’

(வேண்டாம். அவரே அழவில்லை, நான் ஏன் மூக்கைச் சிந்த வேண்டும்?)

அவரைக் காய்கறிச் சந்தையில் ஏலம் கூவியவர் ஆக்கினேன். [கொஞ்சம் அதிகம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.] மறுமுனையில் அவருடைய அக்கா. மார்பில் வந்த அதே நோயிலிருந்து தப்பி, நகரத்தில் நாலாவது மாடியில் தனியாக இருப்பவர். அக்காவுக்கு ஆஸ்பத்திரி பக்கம், மனுஷர்கள் தூரம். கிராமத்துத் தம்பிக்கு ஊரே உறவு, ஆஸ்பத்திரிக்கு மூன்று பஸ் மாற வேண்டும். இருவரில் யார் நன்றாக வாழ்கிறார் என்று தீர்ப்புச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். என் திமிர்!

3

காற்றை விழுங்கி, அதை ஏப்பமாக மேலே கொண்டுவந்து, அந்த ஏப்பத்தையே சொல்லாக்கும் பயிற்சி ஒன்று உண்டு.* ஏலக்காரர் மாதக்கணக்கில் முயன்றார். ஏப்பம் வந்தது, சொல் வரவில்லை.

“விருந்தாளி இருக்கும்போதாவது சும்மா இருக்கக் கூடாதா?” என்றாள் மனைவி.

சுவரில் இரண்டு தட்டு.

* இதைக் கேள்விப்பட்ட அன்று எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இத்தனை வருடம் பேசியும் பேச்சு எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியாமல் போயிற்றே.

4

“சாப்பிட்டியாடா?” அக்காவின் போன்.

ஒரு தட்டு.

“வலி இருக்கா?”

இரண்டு தட்டு. (பொய். அக்கா தினமும் சொல்லும் ‘நான் நல்லாத்தான் இருக்கேன்’ போல.)

“நாளைக்கு ஸ்கேன்டா. திரும்ப வந்திருக்குமோன்னு டாக்டர் சந்தேகப்படுறார். தனியாப் போகப் பயமா இருக்கு. கூட வர்றியா?”

ஒரு தட்டு போதும். அப்படித்தான் எழுதியும் வைத்திருந்தேன். ஏலக்காரர் விரலைத் தூக்கினார், ஆனால் தட்டவில்லை. காற்றை விழுங்கினார்.

“வ... ர்றேன்.”

தரையில் சாக்கை இழுத்தது போல இருந்தது. அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

“யாருடா அது,” அக்கா அழுதுகொண்டே சிரித்தார், “என் தம்பி போன்ல பேசுறது?”

5

முடிவு என்னிடம் பாதிதான் இருக்கிறது. மருத்துவரைப் பார்த்துவிட்டு அக்கா வெளியே வருகிறார். வாசலில் தம்பி.

“நல்ல... சேதியா?”

அக்கா தம்பியின் கையைப் பிடித்து, உள்ளங்கையில் விரலால் ஒருமுறை தட்டுகிறார்.

இன்னொரு தட்டு விழுமா? நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எப்படி எழுதினாலும் அந்தக் கையை மட்டும் விட வைத்துவிடாதீர்கள்.