அமெரிக்க முலாம்பழம்

கொல்லைக் கொடியில் காய்த்திருப்பது முலாம்பழம் என்று வெங்கடசுப்ரமணியன் முடிவு செய்துவிட்டார். அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்த தங்கை மகன் வினய், விதையைக் கொடுக்கும்போது ஏதோ பெயர் சொன்னான். மாமாவின் காதில் அது சரியாக விழவில்லை. திருப்பிக் கேட்பது மாமாவுக்கு வழக்கமுமில்லை.

மைசூர் ரயில்வே அலுவலகத்தில் அவர் ஹெட்கிளார்க். காய்கள் வழவழவென்று மஞ்சளாகப் பழுத்ததும், உடன் வேலை பார்க்கும் சென்னப்பனையும் இன்னும் இரண்டு பேரையும் அக்ரஹாரத்து வீட்டுக்குக் கூட்டிவந்தார். "அமெரிக்கா சரக்கு, இங்கே எங்கேயும் கிடைக்காது" என்று தாமே கத்தியை எடுத்தார். கத்தி பாதியில் சிக்கிக்கொண்டது. அம்மிக்கல்லால் தட்டித்தான் உள்ளே இறக்க முடிந்தது.

துண்டுகள் இனிக்கவில்லை. சர்க்கரை தூவினார்கள், சர்க்கரை மட்டும் இனித்தது. சென்னப்பன் வெகுநேரம் மென்றார்.

"நல்லா... கெட்டியா இருக்கு சார்."

அவர்கள் போனதும் மனைவி அன்னபூர்ணி ஒரு துண்டை முகர்ந்து பார்த்தாள். "ஏன்னா, இது பூசணி வகையறா மாதிரின்னா இருக்கு."

"பூசணியா? மிச்சத்தையெல்லாம் மாட்டுக்குப் போடு" என்று செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். கல்யாணமானதிலிருந்து அவர் தட்டில் பூசணி விழுந்ததில்லை. சாம்பாரில் இருந்தால்கூட ஓரமாக ஒதுக்கிவிடுவார்.

அன்னபூர்ணிக்கு மாட்டுக்குப் போட மனம் வரவில்லை. மறுநாள் அவர் ஆபீஸ் போனதும் ஒரு காயைக் குறுக்கே வெட்டி, விதையை வழித்துவிட்டு, இட்லிப் பானையில் வேகவைத்தாள். வெந்ததா என்று முள்கரண்டியால் கீறினாள். சதை இழை இழையாகப் பிரிந்து வந்தது. இன்னும் கீறினாள். தட்டு நிறைய மெல்லிய மஞ்சள் நூல்!

பக்கத்து வீட்டுக் கௌரம்மாவைச் சுவர் மேலாகக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"அய்யோ, இது ஷாவிகெ, உங்க சேவை அல்லவா!" என்றாள் கௌரம்மா, பாதிக் கன்னடத்தில். "ஒகரணெ போட்டுத் தாளிச்சுடுங்க, ரீ."

கடுகு, உளுத்தம்பருப்பு, பச்சைமிளகாய், கறிவேப்பிலை தாளித்து, தண்ணீர் விடாமல் இழைகளைப் புரட்டி, தேங்காய்த் துருவலும் எலுமிச்சையும் சேர்த்தாள். சாயங்காலம் வந்தவர் ஒன்றும் கேட்காமல் தட்டை வாங்கிக்கொண்டார்.

"சேவையா? பேஷ். அரிசியை எவ்வளவு நேரம் ஊறவச்சே?"

"ஊறவைக்கவே இல்லை."

"அதான் இவ்வளவு மெல்லிசா வந்திருக்கு. சொன்னேன் பார், நீ எப்பவும் ஜாஸ்தி ஊறவைக்கறே."

அன்னபூர்ணி உதட்டைக் கடித்துக்கொண்டு சமையலறைக்குள் ஓடினாள். அவர் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டுக் கையைக் கழுவியபடி சொன்னதும்தான் அவள் சிரிப்பு நின்றது.

"ஞாயித்துக்கிழமை சென்னப்பனையெல்லாம் டிபனுக்குக் கூப்பிடறேன். அந்தப் பழத்தால போன மானம் இந்தச் சேவையாலதான் திரும்பணும்."

வேறு வழியில்லை. சனிக்கிழமை காப்பியோடு உண்மையையும் கொடுத்தாள்.

டம்ளர் கீழே இறங்கியது. "நான் சாப்பிட்டது பூசணியா?"

"ரெண்டு தட்டு."

அவர் எழுந்து கொல்லைக்குப் போனார். கொடியைப் பிடுங்கப் போகிறார் என்று பயந்து அவளும் பின்னாலேயே போனாள். அவரோ மிச்சமிருந்த இரண்டு காய்களையும் தட்டிப் பார்த்துக் காம்போடு அறுத்துக்கொண்டிருந்தார்.

"நாலு பேருக்கு இது போறுமா?"

"உங்களுக்குத்தான் பூசணி ஆகாதே. மூணு பேருக்குத் தாராளமா போறும்."

"வாயை மூடுடி" என்றார். ஆனால் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஞாயிறன்று வந்தவர்கள் தட்டைக் காலி செய்தார்கள். சென்னப்பன் வாயைத் துடைத்துக்கொண்டே மெல்லச் சீண்டினார். "சார், அந்த அமெரிக்கா முலாம்பழம் மிச்சம் என்னாச்சு? மாடு தின்னுச்சா?"

"நீர்தான்யா தின்னீர்" என்றார் வெங்கடசுப்ரமணியன்.

சென்னப்பன் காலித் தட்டையே பார்த்தார். மற்ற இருவரும் சிரிக்கத் தொடங்கினார்கள். தாம் இதை முதல் நாளிலிருந்தே அறிந்திருந்ததைப் போல வெங்கடசுப்ரமணியன் சொல்ல ஆரம்பித்தார்: "இதைக் குறுக்கே வெட்டணும். அதுதான் சூட்சுமம். அப்பத்தான் இழை நீளமா வரும்..."

சமையலறை வாசலில் நின்ற அன்னபூர்ணி அவர் பேசி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.